மேல் வீதியின் பத்தாயிரம் லிட்டர்

"இன்னும் நாலு சுத்து மூடினா லீக்கு கொறையும் சார். ஆனா மேல் வீதிக்குத் தண்ணி ஏறாது. கொறஞ்சது உங்க கணக்குல வரும், அவங்க கொடத்துல வராது."

பெங்களூரில் அல்சூருக்குப் பக்கத்தில், 300 மில்லிமீட்டர் வால்வின் குழிக்குள் நின்றபடி வால்வ்மேன் சொன்னது இது. "ஒரு வாரம் பாப்போம்ணே. பிரஷரைக் கொறைக்காம லீக்கைக் கொறைக்க முடியாது" என்பது நான் அவருக்குச் சொன்ன பதில். அந்தப் பதிலில் தொழில்நுட்ப ரீதியாகத் தவறு எதுவும் இல்லை. இன்றைக்கும் அதையேதான் சொல்ல வேண்டியிருக்கும். ஆனாலும் அந்தப் பேச்சு நிம்மதி தரவில்லை.

லீக்கைக் குறைப்பது ஏன் முக்கியம் என்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. காவிரி நீர் தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் கடந்து, மூன்று கட்டமாகப் பம்பு செய்யப்பட்டு, ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏறி பெங்களூருக்கு வருகிறது. ஆயிரம் லிட்டரை அந்த உயரத்துக்குத் தூக்கவே 1.36 யூனிட் மின்சாரம் வேண்டும். பம்பில் போகும் இழப்பையும் குழாய் உராய்வையும் சேர்த்தால் இரண்டு யூனிட்டை நெருங்கும். 2014 கட்டணத்தில் வீடுகளுக்கு முதல் எட்டாயிரம் லிட்டர் வரை, ஆயிரம் லிட்டருக்கு 7 ரூபாய்தான். 2025 ஏப்ரல் வரை அது ஏறவில்லை. மின்சாரச் செலவுக்கே அந்தக் காசு போதவில்லை. அவ்வளவு செலவில் மேலே வந்த தண்ணீர் தார் ரோட்டுக்கு அடியில் கசிந்து போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

கசிவு பெரும்பாலும் மெயின் குழாயில் இல்லை. மெயினிலிருந்து வீட்டுக்குப் பிரியும் ஃபெரூல் என்ற சிறு இணைப்பிலும், அதிலிருந்து மீட்டர் வரை போகும் துருப்பிடித்த ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயிலும்தான். அதை மாற்ற ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தோண்ட வேண்டும், ரோடு வெட்ட அனுமதி வேண்டும், மூடியபின் தார் போட வேண்டும். வால்வை மூடுவது ஒரு சாயங்கால வேலை. அதனால்தான் அது முதலில் வருகிறது. இந்த வகை வால்வு முழுதாகத் திறக்க அல்லது மூட மட்டுமே செய்யப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பாதி மூடி வைத்தால் உள்ளே தகடு அதிர்ந்து, அது உட்காரும் இடம் தேயும். நாளைக்கு ஒரு குழாய் உடைந்து அவசரமாக மூடப் போனால் முழுதாக மூடாது. அழுத்தம் குறைக்கத் தனி வால்வு உண்டு, விலை அதிகம்.

கணக்கைப் பாருங்கள். முழு எண்களாகவே வைத்துக்கொள்வோம். ஒரு மண்டலத்துக்குள் போவது பத்து லட்சம் லிட்டர், பில் ஆவது ஆறு லட்சம், நஷ்டம் 40 சதவீதம். அழுத்தத்தைக் குறைத்ததும் கசிவு நான்கு லட்சத்திலிருந்து 2.4 லட்சமாகிறது. கீழே சம்ப், அதாவது தரைக்கடித் தொட்டி, உள்ள வீடுகளுக்கு ஒரு குறையும் இல்லை. சம்ப் கொஞ்சம் மெதுவாக நிரம்பும், அவ்வளவுதான். மேட்டில், மேல் வீதியில் இருக்கும் முப்பது வீடுகளுக்கு வர வேண்டிய பத்தாயிரம் லிட்டர் மட்டும் வரவில்லை. நஷ்டம் இப்போது 29 சதவீதம். அந்தப் பத்தாயிரம் லிட்டர் இந்தச் சதவீதத்தை அசைக்கவே இல்லை. வால்வ்மேன் சொன்னதைக் காகிதத்தில் போட்டால் இதுதான்.

மேல் வீதியில் சம்ப் கிடையாது. வாசலில் இரண்டடிப் பள்ளம், அதற்குள் தரைமட்டத்துக்குக் கீழே அறுத்துவிட்ட குழாய், அதன் வாயில் ரப்பர் டியூப் துண்டு. உயரத்தை அரை மீட்டர் குறைத்தால்தான் சொட்டாவது வரும் என்று மக்களே கண்டுபிடித்த வழி. குடம் உள்ளே இறங்காது, சொம்பால் மொண்டு ஊற்றுகிறார்கள். சப்ளை நின்றதும் மெயின் காலியாகி உள்ளே வெற்றிடம் உண்டாகும், பள்ளத்தில் தேங்கியதைக் குழாய் உறிஞ்சிக்கொள்ளும். பாதாளச் சாக்கடைச் சேம்பர் அங்கிருந்து நாலடியில். குடிநீருக்கு ஒரு திட்டம், கழிவுநீருக்கு ஒரு திட்டம் என்று காகிதத்தில் தனித்தனியாக இருப்பவை இந்தப் பள்ளத்தில் ஒன்றாகிவிடுகின்றன. அழுத்தம் குறைவது தண்ணீர் குறையும் விஷயம் மட்டுமல்ல, வயிற்றுப்போக்கு வரும் விஷயமும்கூட.

அப்படியானால் எதை அளக்க வேண்டும்? 24 மணி நேரமும் தண்ணீர் வரும் ஊரில் நள்ளிரவு ஓட்டத்தை அளந்தால் கசிவு தெரியும், அப்போது அநேகமாக யாரும் குழாய் திறப்பதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் சில மணி நேரம் தண்ணீர் விடும் இடத்தில், ராத்திரியிலும் சம்ப் நிரம்பிக்கொண்டுதான் இருக்கும். கசிவு எது, சம்ப் எது என்று பிரிக்க முடியாது. பொதுத்துறை நிறுவனத்துக்கு முதல் அளவுகோலாக இருக்க வேண்டியது கடைசி வீட்டு இணைப்பில் உள்ள அழுத்தம், அதற்கடுத்துதான் நஷ்டச் சதவீதம் என்று உறுதியாகத் தோன்றுகிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய காவிரி ஐந்தாம் கட்டம் நாளொன்றுக்கு 775 மில்லியன் லிட்டர் கொண்டுவரும் திறன் உடையது. ஊருக்குள் எவ்வளவு வந்தாலும், வால்வுக்குக் கீழே நிற்கும் தண்ணீர் மேட்டுக்கு ஏறாது.

ஆனால் இந்த அளவுகோலுக்கும் விலை உண்டு. கடைசி வீட்டில் அழுத்தம் இரண்டு மீட்டருக்கு (தண்ணீர் அந்த உயரம் ஏறும் அளவுக்கு)க் கீழே போகக் கூடாது என்று வைத்து வால்வைத் திறந்ததும், தாழ்வாக இருக்கும் கீழ்ச்சாலையில் கசிவு பழையபடி கூடியது. வேலைக்கான பணம் சதவீதத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. பணம் தள்ளிப்போனால் ஜி.ஐ. குழாய் மாற்றுவதும் தள்ளிப்போகும், மேல் வீதிக்கு அது இன்னும் பெரிய கேடு. ஒரு வாரம் மூடிப் பார்த்தது அந்தப் பணத்துக்காகத்தான். அதைத் தவறு என்று சொல்ல மனம் வரவில்லை. அந்த ஒரு வாரத்தைத் தாங்கியது யார் என்ற கேள்விக்கும் நல்ல பதில் இல்லை.

அடுத்த வேலைப் பட்டியலில் மேல் வீதி இணைப்புகளை முதலில் மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது. லிட்டர் கணக்கில் பார்த்தால் அழுத்தம் அதிகமுள்ள கீழ்ச்சாலையைத்தான் முதலில் எடுக்க வேண்டும், மீட்டர் பிரிவினர் அதையே சொல்கிறார்கள், அவர்கள் சொல்வதும் சரி. ஒதுக்கிய தொகையில் இரண்டில் ஒன்றைத்தான் இந்த ஆண்டு செய்ய முடியும்.