ஸ்ட்ரெச் மார்க்: எண்ணெயில் வீணாகும் மாதங்கள்

ஸ்ட்ரெச் மார்க்குக்கு, அதாவது தோல் இழுபட்டு விழும் கோட்டுக்கு, நான் எடுத்த சிகிச்சை ஒருவழியாக முடிந்தது. ஆனால் "எண்ணெய் தேய்த்தால் தானாகப் போய்விடும்" என்ற அறிவுரை மேல் இருக்கும் எரிச்சல் மட்டும் தீரவில்லை. எண்ணெய் மேல்தோலை மெத்தென்று வைக்கும், அரிப்பை அடக்கும், அவ்வளவுதான். கோடு இருப்பது அதற்குக் கீழே, டெர்மிஸ் அடுக்கில். அங்கே தோலுக்கு உறுதியும் நெகிழ்வும் தரும் கொலாஜன், எலாஸ்டின் இழைகள் சிதைந்து விழும் தழும்பு அது. கோக்கோ பட்டர், ஆலிவ் எண்ணெய் இரண்டையும் கர்ப்பிணிகளிடமே சோதித்துப் பார்த்தாயிற்று. கோடு விழுவதை இரண்டும் தடுக்கவில்லை.

தோல் வேகமாக இழுபடுவது பாதிக் காரணம்தான். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். மீதி கார்ட்டிசால் என்ற ஹார்மோனின் கைங்கரியம்: அது கூடினால் கொலாஜன் செய்யும் செல்கள் சோம்பிவிடும், லேசான இழுப்பையே தோல் தாங்காது. ஸ்டீராய்டு களிம்பும் இதையேதான் செய்கிறது. படர்தாமரைக்கு என்று குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த க்ரீமைத் தொடை இடுக்கிலும் அக்குளிலும் வாரக்கணக்கில் பூசினால், தாமரையும் போகாது, நிரந்தரக் கோடும் மிச்சமாகும். மருந்துக்கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுப்பார்கள். இதைச் சொல்ல மாட்டார்கள்.

அடுத்த தலைவலி நிறம். "சிவப்பாக இருந்தால் புதுசு, வெள்ளையானால் பழசு" என்பது வெளுத்த தோலுக்கு எழுதிய விதி. மாநிறத்திலும் கருத்த தோலிலும் புதுக் கோடு அடர் பழுப்பாகவோ கருநீலமாகவோ தெரியும். அதைப் பழசு என்று தள்ளிவிடுகிறார்கள். கண்ணை நம்பாமல் விரலால் தடவிப் பாருங்கள். புதுசு லேசாக மேடு தட்டும், அரிக்கும். பழசு பள்ளமாக இருக்கும், பக்கவாட்டில் அழுத்தினால் மெல்லிய காகிதம் போலச் சுருங்கும். மருந்துக்கு மசிவது பெரும்பாலும் புதுசுதான்.

அந்த மருந்து ட்ரெட்டினாயின் என்ற வைட்டமின் ஏ வகை க்ரீம், டாக்டர் சீட்டோடு. கர்ப்பமாக இருந்தாலோ அதற்குத் திட்டமிட்டிருந்தாலோ தொடவே கூடாது. தாய்ப்பால் கொடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் பூசக் கூடாது. 1996இல் வெளியான ஆய்வில் 0.1% க்ரீமை 6 மாதம் தினமும் பூசியவர்களுக்குக் கோட்டின் நீளம் சராசரியாக 14%, அகலம் 8% குறைந்தது. குறைந்தது, மறையவில்லை. இந்த எண்ணைத் தெரிந்துகொண்டு ஆரம்பித்தால் ஏமாற்றம் இருக்காது.

பூசும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். குளித்த ஈரத்தோடு பூசினால் எரியும். துடைத்து 20 நிமிடம் காய விடுங்கள். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் இரவு, கோட்டின் மேல் மட்டும், மெல்லிய படலமாக. தோல் உரிந்து சிவந்தால் ஓரிரு இரவு நிறுத்தி மாய்ஸ்சரைசர் போட்டுவிட்டுத் திரும்பத் தொடங்கலாம். உரிகிறதே என்று பயந்து ட்யூபைத் தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

லேசர் விஷயத்தில் உஷார். 585 அல்லது 595 நானோமீட்டர் டை லேசர் ரத்தக் குழாய்களைக் குறிவைப்பது. வெளுத்துப்போன கோட்டில் அதற்குப் பெரிதாக வேலை இல்லை, கருத்த தோலில் புதுக் கரும்படையை வேறு கிளப்பிவிடும். மொத்த பேக்கேஜை விற்கத்தான் க்ளினிக்குகளுக்கு அவசரம். எந்தக் கருவி, என்ன அலைநீளம் என்று கேளுங்கள். மறைவான இடத்தில் ஒரு சிறு பகுதியில் மட்டும் செய்து, 4 முதல் 6 வாரம் பொறுத்துப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். நுண்ணிய ஊசிகளால் தோலைக் குத்தும் மைக்ரோநீட்லிங்கில் கருத்த தோலுக்கு அந்தக் கரும்படை அபாயம் குறைவு. ஒவ்வொரு அமர்வுக்கும் நடுவே குறைந்தது 4 வாரம் வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. கோடுகள் 1 செ.மீ.க்கு மேல் அகன்று ஊதா நிறத்தில் இருந்து, கூடவே முகம் உப்பி, லேசாக இடித்தாலே கன்றி, மாடி ஏறத் தொடை வலுவிழந்தால் தோல் க்ளினிக்குக்குப் போகாதீர்கள்; ஹார்மோன் டாக்டரிடம் கார்ட்டிசால் பரிசோதனை கேளுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கோட்டைப் பார்த்துப் பயந்து தாங்களாக நிறுத்துவது அதைவிட ஆபத்து.

முன்னேற்றத்தைக் கண்ணாடியில் தேடினால் ஒன்றும் தெரியாது. மாதம் ஒருமுறை அதே அறை, அதே விளக்கு, பக்கவாட்டு வெளிச்சம், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுங்கள். அகலம் ஒரு மில்லிமீட்டர் குறைந்திருப்பது அதில்தான் பிடிபடும். வெயில் காய்ந்தால் மறைந்துவிடும் என்பதையும் நம்பாதீர்கள்: சுற்றியுள்ள தோல் கருக்கும், வெள்ளைக் கோடு கருக்காது, முன்னைவிடப் பளிச்சென்று தெரியும்.