பிஎச் மீட்டர் பொய் சொல்லவில்லை, பஃபர்தான் குளிர்ந்திருந்தது

ஒரு வாரமாக எங்கள் லேபில் ஒரே தலைவலி. காலையில் எடுக்கும் பிஎச் (அமில-கார அளவு) ஒன்று, மதியம் எடுப்பது வேறொன்று. மீட்டரின் உணர்முனையான எலக்ட்ரோடு போய்விட்டது, புதிதாக வாங்க வேண்டும் என்று எழுதிக்கூடக் கொடுத்துவிட்டோம். கடைசியில் பார்த்தால், காலையில் ஃபிரிட்ஜிலிருந்து பஃபரை (பிஎச் முன்பே தெரிந்த கரைசல்) எடுத்த கையோடு, அதை வைத்து மீட்டரைக் காலிபரேஷன் (அளவைச் சரிசெய்தல்) செய்துகொண்டிருந்தோம்!

25 டிகிரியில் 10.01 காட்டும் பஃபர், 10 டிகிரியில் கிட்டத்தட்ட 10.18. நாமோ 10.01 என்றே மீட்டருக்குச் சொல்லிக்கொடுக்கிறோம், அதுவும் நம்பிவிடுகிறது, பாவம்.

“ஏடிசி இருக்கிறதே சார்” என்று கேட்பார்கள். வெப்பநிலைக்கேற்ப மீட்டர் தானாகத் திருத்திக்கொள்ளும் வசதிதான் ஏடிசி. இருக்கிறது, ஆனால் அது சரிசெய்வது எலக்ட்ரோடின் ஸ்லோப்பை, அதாவது ஒரு பிஎச் அலகுக்கு எத்தனை மில்லிவோல்ட் மாறுகிறது என்பதை மட்டும்தான். ஒரு பிஎச் அலகுக்கு 25 டிகிரியில் 59.16 மில்லிவோல்ட், 0 டிகிரியில் 54.20, அந்தக் கணக்கை அது பார்த்துக்கொள்ளும். சாம்பிளின் பிஎச்சே வெப்பநிலையோடு மாறுவதை அதால் ஒன்றும் செய்ய முடியாது. சுத்தமான தண்ணீரே 10 டிகிரியில் 7.27 வரும், அது காரமாகிவிட்டது என்று அர்த்தமில்லை, நடுநிலைப் புள்ளியே நகர்ந்திருக்கிறது.

கண்டக்டிவிட்டியில் (கரைசலின் மின்கடத்துதிறன்) இன்னும் மோசம், டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் ஏறும்.

இப்போது பஃபர், சாம்பிள், எலக்ட்ரோடு மூன்றையும் 25 டிகிரி வாட்டர் பாத்தில் அரை மணி நேரம் வைத்துவிட்டுத்தான் தொடுகிறோம். ரிப்போர்ட்டில் பிஎச் பக்கத்தில் வெப்பநிலையையும் எழுதுகிறோம். அந்தப் பழைய எலக்ட்ரோடுதான் இன்னும் ஓடுகிறது.