விமானப் பராமரிப்பு உரிமம்: வகுப்பறையிலிருந்து கையெழுத்து வரை

விமானப் பராமரிப்பில் பி1 உரிமம் வாங்கிய பிறகு, இந்தத் துறைக்கு வர விரும்பும் இளைஞர்கள் பலர் என்னிடம் பேசுகிறார்கள். படிப்பு மிகவும் கடினமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கடினம்தான்; ஆனால் ஊன்றிப் படித்தால் தேறிவிடலாம். வகுப்பு முடிந்த பிறகு எந்த விமானத்தில், யாருடைய மேற்பார்வையில் வேலை பழகப்போகிறோம் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. என்னோடு படித்தவர்களில் பாதிவழியிலேயே நின்றுபோனவர்கள் இருக்கிறார்கள். தேர்வால் நின்றவர்கள் அவர்களில் குறைவு. இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைக்காமல் நின்றவர்களே அதிகம். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் உரிமத்தின் அமைப்பு. பயிற்சி நிலையம் தரும் சான்றிதழ் வேறு, நாட்டின் விமானப் போக்குவரத்து ஆணையம் தரும் உரிமம் வேறு. சான்றிதழை வைத்துக்கொண்டு விமானத்தில் எந்த வேலைக்கும் பொறுப்பேற்றுக் கையெழுத்திட முடியாது. நான் படித்தது ஐரோப்பாவின் பார்ட்-66 என்னும் உரிம விதிமுறை. ஐரோப்பாவுக்கு வெளியிலும் பல நாடுகள் இதையொட்டியே தங்கள் விதிகளை வகுத்திருக்கின்றன. இதில் ஏ பிரிவு, விமான நிலையத்தில் அன்றாடம் செய்யும் சிறு பராமரிப்புக்கும் எளிய பழுது நீக்கத்துக்கும் உரியது. பி1 என்பது எஞ்சின், உடற்கட்டமைப்பு, இயந்திர, மின் அமைப்புகள். பி2 என்பது ஏவியானிக்ஸ், அதாவது மின்னணுக் கருவிகளும் மின் அமைப்புகளும். சி பிரிவு, பெரிய விமானங்களை ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், நிறுத்திச் செய்யும் முழுப் பராமரிப்பு முடிந்ததும் விமானத்தை விடுவிக்கும் அதிகாரம். பி1-க்குள்ளேயே டர்பைன் விமானம், பிஸ்டன் விமானம், டர்பைன் ஹெலிகாப்டர், பிஸ்டன் ஹெலிகாப்டர் என்று நான்கு கிளைகள் உண்டு. அமெரிக்க முறை வேறு: உடற்கட்டமைப்பு, எஞ்சின் என்று இரண்டு தகுதிகள், எழுத்துத் தேர்வோடு வாய்மொழித் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு. பள்ளி வழியாக வராதவர் ஒரு தகுதிக்கு 18 மாத வேலை அனுபவமும், இரண்டுக்கும் சேர்த்து 30 மாத அனுபவமும் காட்ட வேண்டும்.

டர்பைன் விமானத்துக்கான பி1 அடிப்படைப் பயிற்சி 2,400 மணி நேரம். ஏறத்தாழ பாதி நேரம் பாடம், மீதி செய்முறை. இந்த மீதி எங்கே, எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்துத்தான் நிலையத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சேர்வதற்கு முன் சில நிலையங்களுக்கு நேரில் போனேன். ஓரிடத்தில் குளிரூட்டிய வகுப்பறைகளையும் நூலகத்தையும் நெடுநேரம் சுற்றிக் காட்டினார்கள். பட்டறையைப் பார்க்க வேண்டும் என்று நானே கேட்ட பிறகுதான் கதவைத் திறந்தார்கள். கருவிகள் பெட்டியில் எண்ணெய்த்தாள் பிரிக்காமல் இருந்தன. நான் சேர்ந்த நிலையத்தின் கட்டடம் பழையது. ஆனால் அங்கே உலோகத்தை இறுக்கிப் பிடிக்கும் வைஸ்களின் தாடைகள் தேய்ந்திருந்தன, மேசைக்கடியில் அலுமினியத் துருவல் கிடந்தது, கருவி அறை வாசலில் மாணவர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். அதற்கு மேல் எந்த விளம்பரமும் எனக்குத் தேவைப்படவில்லை.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கீகாரம் பெற்ற நிலையம் என்று பலகை மாட்டியிருப்பதை நம்பி நின்றுவிடக் கூடாது. அந்த அங்கீகாரம் எந்தப் பிரிவுக்கு, எந்தக் கிளைக்கு என்று ஆணையத்தின் ஆவணத்தில் எழுதியிருக்கும். ஏ பிரிவுக்கு மட்டும் அனுமதி பெற்ற இடத்தில் பி1 கனவோடு சேர்ந்தால், அந்தப் படிப்பு பி1 உரிமத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியாகக் கணக்கில் வராது.

தேர்வுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணிதம், இயற்பியல், மின்னியல், காற்றியக்கவியல், பொருட்கள், பராமரிப்பு நடைமுறை, மனிதக் காரணிகள், சட்டம், எஞ்சின் என்று தனித்தனி மாட்யூல்கள். ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று விடைகள். சராசரியாக 75 வினாடி நேரம். தேற 75 விழுக்காடு வேண்டும். தோற்றால் அதே தேர்வை மீண்டும் எழுதப் பொதுவாக 90 நாள் காத்திருக்க வேண்டும். தேறிய மாட்யூல்களுக்கும் ஆயுள் உண்டு: உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 10 ஆண்டுக்குள் எல்லாவற்றிலும் தேறியிருக்க வேண்டும். கேள்வித் தொகுப்புகளை மனப்பாடம் செய்து தேறுகிறவர்கள் உண்டு. எனக்கு உதவியது வேறு முறை. ஹைட்ராலிக் அமைப்பு என்றால் தொட்டியில் தொடங்கிப் பம்பு, வடிகட்டி, வால்வு, இயக்கி, மறுபடி தொட்டி என்று புத்தகத்தை மூடிவிட்டுத் தாளில் வரைவேன். கோடு எங்கே நிற்கிறதோ, அங்கேதான் எனக்குப் புரியவில்லை என்று பொருள். பின்னாளில் பழுது கண்டுபிடிக்கும்போதும் இதே பழக்கம்தான் கைகொடுத்தது.

இனி பட்டறை. இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குத் தீராது. முதல் வாரங்கள் முழுக்க அரத்தால் உலோகத்தைச் சமன்படுத்தும் வேலைதான். அடுத்து ரிவெட், அதாவது தகடுகளை இணைக்கும் உலோக ஆணி. எட்டில் ஒரு பங்கு அங்குல விட்டமுள்ள ரிவெட்டுக்கு 30-ஆம் எண் துளைமுனை. தகட்டின் விளிம்பிலிருந்து துளையின் மையம் குறைந்தது ரிவெட் விட்டத்தின் இரு மடங்கு தள்ளி இருக்க வேண்டும். ஒருவர் இந்தப் பக்கம் ரிவெட் துப்பாக்கியால் அடிக்க, மற்றவர் அந்தப் பக்கம் பக்கிங் பார் என்னும் உலோகக் கட்டையைப் பிடிக்க, உருவாகும் தலையின் அகலம் ரிவெட் விட்டத்தின் ஒன்றரை மடங்கும் உயரம் அரை மடங்கும் இருக்க வேண்டும். துப்பாக்கிச் சத்தத்தில் பேச்சு கேட்காது. எதிரில் இருப்பவர் அந்தக் கட்டையை எவ்வளவு அழுத்திப் பிடித்திருக்கிறார் என்பதைக் கைக்கு வரும் அதிர்வை வைத்தே உணர வேண்டும். சரியாக அமைந்த ரிவெட்டின் ஓசையே வேறு. அந்த ஓசையைக் காது பிடித்துக்கொண்ட நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எந்தத் தேர்வு முடிவும் தரவில்லை.

எங்கள் பயிற்றுநர் ரிவெட் வரிசை பற்றிப் பேசும்போதெல்லாம் 1985 ஆகஸ்ட் 12 அன்று ஜப்பானில் விழுந்த போயிங் 747 விமானத்தைக் குறிப்பிடுவார். பயணிகள் அறையின் காற்றழுத்தத்தை வால் பக்கம் தாங்கும் அதன் பின்புற அழுத்தத் தடுப்புச் சுவர் 1978-ல் வால் தரையில் உரசியதால் சேதமடைந்து பழுது பார்க்கப்பட்டிருந்தது. இணைப்புத் தகடு முறைப்படி பொருத்தப்படாததால், இரண்டு ரிவெட் வரிசைகள் தாங்க வேண்டிய சுமையை ஒரே வரிசை தாங்கியது. ஏழு ஆண்டுகள் தாங்கியது. பிறகு சுவர் பிளந்தது. 520 பேர் இறந்தார்கள். பயிற்சித் தகட்டில் ஒரு துளை கோணலாகிவிட்டால் அதை யாரும் அலட்சியமாகப் பார்க்காததற்கு அந்தக் கதை ஒரு காரணம்.

லாக்வயர் என்னும் பூட்டுக்கம்பி வேலையும் அப்படித்தான். அதிர்வில் போல்ட் தளராமல் இருக்க இரண்டு போல்ட்களின் தலைகளைக் கம்பியால் முறுக்கிக் கட்டுவோம். போல்ட் தளர முயன்றால் கம்பி அதை இறுக்கும் திசையில் இழுக்கும்படி அமைய வேண்டும். 0.032 அங்குலக் கம்பியில் ஓர் அங்குலத்துக்கு 6 முதல் 8 முறுக்கு. பயிற்றுநர் நன்றாக வந்ததையும் வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி கட்டச் சொல்வார். எஞ்சின் உறைக்குள் கண்ணுக்கு எட்டாத மூலையில், ஒரு கையை மட்டும் நுழைத்து இதைச் செய்ய வேண்டி வந்தபோது அவரை நன்றியோடு நினைத்துக்கொண்டேன்.

நட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்சில் பலரும் கவனிக்காத ஒரு நுட்பத்தைச் சொல்கிறேன். நேராக எட்டாத நட்டுக்கு ரெஞ்சின் முனையில் ஓர் இணைப்பை மாட்டுவோம். அது ரெஞ்சின் நீளத்தோடு ஒரே கோட்டில் முன்னோக்கி நீண்டால் நெம்புகோலின் கரம் நீள்கிறது. கையேட்டில் உள்ள அளவை அப்படியே வைத்தால் நட்டு அளவுக்கு மீறி இறுகிவிடும். ரெஞ்சின் நீளத்தை, ரெஞ்சும் இணைப்பும் சேர்ந்த நீளத்தால் வகுத்து, அந்த விகிதத்தால் அளவைப் பெருக்கிக்கொள்ள வேண்டும். இணைப்பைச் செங்கோணத்தில் மாட்டினால் இந்தத் திருத்தம் வேண்டாம். தேர்விலும் இது வரும், ஹேங்கரிலும் வரும்.

மனிதத் தவறுகள் எப்படி நேர்கின்றன என்று சொல்லும் மனிதக் காரணிகள் பாடத்தை வெறும் உபதேசம் என்று நினைத்து உட்கார்ந்தவர்கள்கூட 1990 ஜூன் 10 நிகழ்வைப் படித்ததும் நிமிர்ந்துவிட்டார்கள். இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட பிஏசி 1-11 விமானத்தின் முன்கண்ணாடி 17,300 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் பாதி உடல் வெளியே தொங்க, ஊழியர்கள் அவரைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் உள்பட எல்லோரும் பிழைத்தார்கள். அதற்கு முந்தைய நாள் அதிகாலை, இரவுப் பணியில் மாற்றப்பட்ட கண்ணாடி அது. 90 போல்ட்களில் 84 விட்டம் குறைந்தவை. அனுபவம் மிக்க மேற்பார்வையாளர் ஒருவர் கழற்றிய போல்ட்டைக் கையில் வைத்து, கண்ணளவில் ஒப்பிட்டுப் புதியதை எடுத்திருந்தார். பாகப் பட்டியலைப் பார்க்கவில்லை. கழற்றிய போல்ட்களே சரியானவை அல்ல என்பது விசாரணையில் தெரிந்தது. அந்த வேலையை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதியும் அப்போது இல்லை. திறமையும் அனுபவமும் உள்ளவருக்கு நேர்ந்தது இது என்பதுதான் என்னை உலுக்கியது. இன்று எந்தப் பாகத்தை எடுத்தாலும் எண்ணைப் பட்டியலில் சரிபார்க்காமல் என் கை நகராது.

இப்போது நான் தொடக்கத்தில் சொன்ன இடத்துக்கு வருகிறேன். அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் படித்து முடித்தவர் டர்பைன் விமானப் பி1 உரிமத்துக்கு, இயங்கும் விமானங்களில் இரண்டு ஆண்டு பராமரிப்பு அனுபவம் காட்ட வேண்டும். அப்படிப் படிக்காமல், தொடர்புள்ள தொழிற்பயிற்சியும் இல்லாமல் தனியே தேர்வெழுதி வருபவருக்கு இது ஐந்து ஆண்டு. இந்த அனுபவத்துக்கு ஆதாரம் லாக்புக் என்னும் பணிப் பதிவேடு. நான் பணியில் சேர்ந்த பராமரிப்பு நிறுவனத்தில் முதல் நாளே அதைத் திறந்துவிட்டேன். தேதி, விமான வகை, பதிவு எழுத்துகள், பணி அட்டை எண், ஏடிஏ அத்தியாய எண், செய்த வேலை, மேற்பார்வையிட்டவரின் கையெழுத்தும் அவருடைய அங்கீகார எண்ணும். ஏடிஏ என்பது விமானத்தின் அமைப்புகளுக்கு உலகம் முழுக்க வழங்கும் எண்வரிசை: 27 என்றால் பறப்புக் கட்டுப்பாடுகள், 29 ஹைட்ராலிக், 32 தரையிறங்கு சக்கர அமைப்பு.

கையெழுத்தை அன்றன்றே வாங்கிவிட வேண்டும். மேற்பார்வையாளர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டால், அவர் கீழ் செய்த மாதக்கணக்கான வேலைக்குச் சாட்சி இல்லாமல் போகும். பணிமாற்ற நேரத்தில் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பார்கள். அதனால் அதற்கு அரை மணி முன்பே லாக்புக்கோடு போய் நிற்பேன். சிலர் முகம் சுளித்தார்கள். பெரும்பாலோர் தங்கள் இளமையை நினைத்துக்கொண்டு பொறுமையாகப் படித்துப் பார்த்தே கையெழுத்திட்டார்கள். ஒருவர் நான் எழுதியதைப் படித்துவிட்டு, இந்த வேலையை நீ செய்தாயா, பக்கத்தில் நின்று பார்த்தாயா என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்றதாகவே எழுதியிருந்தேன். அந்தச் சொல்லைச் சுட்டிக்காட்டிய பிறகுதான் பேனாவைத் திறந்தார். அவரைப் போன்றவர்கள்தான் இந்தத் தொழிலின் முதுகெலும்பு.

வேலையின் வகையும் முக்கியம். புதியவர்களைச் சக்கரம் மாற்றவும் எண்ணெய் பார்க்கவும் மட்டுமே அனுப்புவது எளிது. ஆனால் ஆணையம், பலவகை வேலைகளை உள்ளடக்கிய அனுபவத்தைக் கேட்கிறது: சோதித்தல், கழற்றிப் பொருத்துதல், இயக்கிப் பார்த்தல், பழுது கண்டுபிடித்தல், பலவகை அமைப்புகளில். ஒவ்வொரு மாதமும் லாக்புக்கைப் புரட்டி, எந்த அத்தியாய எண் காலியாக இருக்கிறது என்று பார்த்து, அந்த வேலை வரும் குழுவில் என்னைச் சேர்க்கும்படி கேட்பேன். கேட்டால் பெரும்பாலும் கிடைத்தது. கேட்காத நண்பர் ஒருவரின் விண்ணப்பம் திரும்பி வந்தது. நேரம் போதவில்லை என்று அல்ல, வகை போதவில்லை என்று.

உரிமம் வந்ததும் பெரிய விமானங்களில் உடனே கையெழுத்திடலாம் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு விமான வகைக்கும் தனிப் பயிற்சி உண்டு, பாடமும் செய்முறையுமாக. முதல் வகையை உரிமத்தில் சேர்க்க, அந்த விமானத்திலேயே பணியிடைப் பயிற்சியும் தேவை. அதற்குப் பிறகும் நீங்கள் வேலை செய்யும் நிறுவனம் தனியாக அங்கீகாரம் கொடுத்தால்தான் விமானத்தைச் சேவைக்கு விடுவிக்கும் சான்றில் உங்கள் பெயர் வரும். வகைப் பயிற்சிக்கு நிறுவனம் செலவு செய்யுமா, செய்தால் எத்தனை ஆண்டு ஒப்பந்தம் கேட்கும் என்பதை வேலையில் சேரும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பயிற்சி நிலையத்தில் சேர்வதற்கு முன், முந்தைய இரண்டு குழுக்களில் படித்தவர்கள் இப்போது எந்த ஹேங்கரில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பெயர் சொல்ல முடிந்தால் அவர்களில் இருவரோடு பேசிவிட்டு, பிறகு கட்டணம் கட்டுங்கள்.