36 அடி உயரத்திலிருந்து விழுந்த காயில்

கோவையில் மோட்டார் காயில் கட்டுவது என் தொழில். எனாமல் பூசிய செம்புக் கம்பி கிலோ கணக்கில் கடையில் கிடைக்கிறது. சுற்று எண்ணி, ஸ்லாட்டில் இறக்கி, வார்னிஷ் விட்டால் வேலை முடிந்தது. மைக்கேல் ஃபாரடேக்கு அந்த வசதி இல்லை. 1831 ஆகஸ்ட் 29 அன்று அவர் சோதித்த 6 அங்குல இரும்பு வளையத்தில் இருந்தது வெறும் செம்புக் கம்பி. சுற்றுக்குச் சுற்று ஒட்டாமலிருக்க இடையில் நூல், அடுக்குக்கு அடுக்கு காடாத் துணி. அதில் எவ்வளவு பொறுமை போயிருக்கும் என்பது காயில் கட்டியவனுக்குத் தெரியும். வளையத்தின் ஒரு பக்கச் சுற்றில் பேட்டரியை இணைத்ததும், மறுபக்கச் சுற்றின் கம்பிக்கு அருகிலிருந்த காந்த முள் துள்ளியது. எடுத்ததும் மறுபடி துள்ளியது. நம் தெருமுனை டிரான்ஸ்பார்மருக்கு மூதாதை அந்த வளையம்தான்.

ஃபாரடே லண்டனில் ஒரு கொல்லரின் மகன். 14 வயதில் புத்தக பைண்டிங் கடையில் தொழில் பழகச் சேர்ந்து, பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியலுக்குள் வந்தார். பிரபல வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் குறிப்பெடுத்து, தானே பைண்ட் செய்து அவருக்கே அனுப்பினார். 1813-ல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது. பிற்காலத்தில் சர் பட்டமும் ராயல் சொசைட்டி தலைவர் பதவியும் தேடி வந்தபோது இரண்டையும் வேண்டாமென்றார். பணிவுக்கு எல்லாரும் சொல்லும் உதாரணம் இது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று.

அவர் சாண்டிமேனியன் என்ற சின்னக் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர். அங்கே சம்பளப் போதகர் கிடையாது. ஃபாரடேயே மூப்பராக இருந்து பிரசங்கம் செய்திருக்கிறார். படைத்தவர் ஒருவர், ஆகவே இயற்கையின் சக்திகளும் ஒன்றுக்கொன்று உறவுதான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மின்சாரமும் காந்தமும் உறவு என்று ஆகிவிட்டது. 1845-ல் காந்தத்துக்கும் ஒளிக்கும் உறவு உண்டென்று காட்டினார். சரி, புவியீர்ப்பு மட்டும் ஏன் தனியாக நிற்க வேண்டும்?

ஈர்ப்பால் விழும் காயிலில் மின்சாரம் உண்டாகிறதா என்று 1849-ல் சோதிக்கத் தொடங்கினார். விரிவுரை அரங்கில் 36 அடி உயரத்துக்குக் காயிலை ஏற்றி, இரண்டு முனைகளையும் சிறு மின்னோட்டத்தையும் முள்ளால் காட்டும் கால்வனோமீட்டரில் இணைத்து, கீழே மெத்தை போட்டு, விட்டார். முள் அசைந்தது! அவர் இத்தனை காலம் நம்பியது எதிரே நடக்கிறது. ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. விழும்போது இணைப்புக் கம்பிகள் விலகி, பூமியின் காந்தப்புலத்தை வெட்டுவதால் வரும் மின்னோட்டம் அது என்று துருவிக் கண்டுபிடித்தார். அந்தக் கோளாறை நீக்கிவிட்டு மறுபடி விட்டார். முள் அசையவில்லை.

ராத்திரி முழுக்கக் கண் விழித்துக் கட்டிய காயிலை, இன்சுலேஷன் சோதிக்கும் மெக்கரில் பார்க்கும்போது, முள் காட்டுவதை நமக்குச் சாதகமாகப் படிக்கும் ஆசை யாருக்கும் வரும். ஃபாரடே, பலன் எதுவும் கிடைக்கவில்லை என்று கட்டுரையிலேயே எழுதினார். ஈர்ப்புக்கும் மின்சாரத்துக்கும் உறவு உண்டு என்ற தன் எண்ணம் அசையவில்லை என்றும், ஆனால் அதற்குத் தன்னிடம் சான்று இல்லை என்றும் சேர்த்தே எழுதினார். இப்படி எழுதுகிற மனசைத்தான் நான் கும்பிடுகிறேன்.

அப்புறமும் விடவில்லை. 1859-ல், 67 வயதில், வாட்டர்லூ பாலத்துக்குப் பக்கத்தில் ஈயக் குண்டு வார்க்கும் உயரமான கோபுரத்துக்குப் போய், கனமான ஈயத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. அதையும் கட்டுரையாக எழுதி ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். வெளியிட வேண்டாம் என்று சொசைட்டியின் செயலாளர் ஸ்டோக்ஸ் சொன்னதும் திரும்பப் பெற்றுக்கொண்டார்.