பம்ப் நின்றாலும் கசிவு நிற்காது: எஸ்டிபிஎம் உயிரியலில் நான் கற்றது

மலேசியாவில் ஆறாம் படிவத்தில் எழுதும் எஸ்டிபிஎம் தேர்வின் முதல் பருவத்துக்கு முன்னால் பள்ளியில் ஒரு சோதனை வைத்தார்கள். அதில் ஒரே கேள்வியில் எனக்கு ஆறு மார்க் போனது. மனித ரத்தத்தை 4 டிகிரி குளிரில் சில நாள் வைத்தால் பிளாஸ்மாவில் பொட்டாசியம் ஏறுகிறது. குளுக்கோஸ் சேர்த்து 37 டிகிரிக்குக் கொண்டுவந்தால் மறுபடி இறங்குகிறது. காரணம் என்ன? இதுதான் கேள்வி. நான் அணுவின் சவ்வில் இருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்ப் என்ற புரதத்தின் படத்தை வரைந்து, மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே, அணுவின் சக்தி மூலக்கூறான ஏடிபி ஒன்று செலவு என்று பக்கம் நிறைய எழுதினேன். எழுதியது எல்லாம் சரி. கேட்டதற்கு மட்டும் அதில் பதில் இல்லை.

அதைப் புரியவைத்தது அம்மாவின் ரத்தம். நாங்கள் சுங்கை சிப்புட் டவுனில் இருக்கிறோம். அம்மா பல வருடம் பால்மரம் வெட்டியவர். அந்த மாதம் ஒரு கிளினிக்கில் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் பொட்டாசியம் லிட்டருக்கு 6.9 மில்லிமோல் என்று வந்தது. 3.5க்கும் 5க்கும் நடுவில் இருக்க வேண்டியது. வீட்டில் ஒரே பயம். வாழைப்பழம், இளநீர் இரண்டையும் நிறுத்திவிட்டு அம்மாவை ஈப்போவுக்கு அழைத்துப் போனோம். அங்கே ரத்தம் எடுத்து உடனே பார்த்தார்கள்: 4.3.

லேபில் இருந்த அக்கா எங்களிடம் கேட்டது ஒன்றுதான். முதலில் எடுத்த ரத்தத்தை எங்கே வைத்திருந்தார்கள்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்தது, திங்கள்வரை அணுக்களைப் பிரிக்காமல் ஃபிரிட்ஜில் இருந்திருக்கிறது. "குளிர்ல பம்ப்தான் நின்னு போகும், கசிவு நிக்காது தங்கச்சி" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது அந்த ஒரு வாக்கியத்தையே நினைத்துக்கொண்டு வந்தேன். என் விடைத்தாளில் கசிவு என்ற சொல்லே இல்லை.

எண்களைப் பாருங்கள். பிளாஸ்மாவில் லிட்டருக்குச் சோடியம் 140 மில்லிமோல், பொட்டாசியம் நாலரை. சிவப்பணுவுக்குள் சோடியம் பத்தை ஒட்டி, பொட்டாசியம் நூறை ஒட்டி. இவ்வளவு வித்தியாசம் இருந்தால் சோடியம் உள்ளே வரவும் பொட்டாசியம் வெளியே போகவும் எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்கும். சவ்வு அதை மெதுவாகத்தான் விடுகிறது, ஆனால் ஒருபோதும் முழுதாக அடைப்பதில்லை. பம்ப் இருப்பது இந்தக் கசிவை ஈடுகட்டத்தான். கசிவு அவ்வளவு குறைவு என்பதால் ஒரு சிவப்பணுவுக்குச் சில நூறு பம்பே போதுகிறது. இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அதே சவ்வில் குளோரைடும் பைகார்பனேட்டும் மாறிப்போக உதவும் பேண்ட் 3 என்ற புரதம் பத்து லட்சம் அளவில் இருக்கிறது.

பெயர்க் குழப்பம் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் வரை மலாயில் படித்தவர்களுக்கு நேட்ரியம், கலியம் என்றுதான் பழக்கம். ஆறாம் படிவத்தில் ஆங்கிலத்துக்கு மாறியதும் சோடியம், பொட்டாசியம் என்கிறார்கள், நமக்குத் தலை சுற்றுகிறது. மலாய்ப் பெயரை மறக்காதீர்கள், குறியீடு அதில்தான் ஒளிந்திருக்கிறது. கே என்றால் கலியம். அப்பா செம்பனைக்குப் போட்ட பொட்டாஷ் உரத்திலும் இதே கலியம்தான்.

சரி, எப்படிப் படிப்பது? பம்பைப் பற்றிய குறிப்பை மூடிவிட்டு, ஒவ்வொன்றாக எதையாவது கெடுத்துப் பாருங்கள். குளிரில் வைத்தால் கிளைக்காலிசிஸும் (குளுக்கோஸை உடைத்து ஏடிபி எடுக்கும் வழி) பம்பும் இரண்டுமே மந்தமாகும். சூடும் குளுக்கோஸும் கிடைத்தால் மீளும். குளுக்கோஸை மட்டும் எடுத்தால், சூடு இருந்தும் ஏடிபி மெல்லத் தீர்ந்து பம்ப் நிற்கும். பம்பை அடைக்கும் ஊவாபெயின் என்ற பொருளைச் சேர்த்தால் ஏடிபி கையில் இருக்கும், பம்ப்தான் அடைபட்டிருக்கும். அதனால் குளுக்கோஸ் எவ்வளவு கொட்டினாலும் பயன் இல்லை. அப்புறம் ஆக்சிஜனை நிறுத்தினால்? என் வகுப்பில் பாதிப் பேர் பம்ப் நின்றுவிடும் என்று எழுதினார்கள். ஆனால் ஆக்சிஜனைக் கொண்டு ஏடிபி செய்யும் மைட்டோகாண்ட்ரியாவே சிவப்பணுவுக்குக் கிடையாது. ஒரு குளுக்கோஸுக்கு நிகரமாக இரண்டு ஏடிபி, அதுவும் ஆக்சிஜன் இல்லாமல். எனவே பம்ப் ஓடிக்கொண்டிருக்கும். இந்த நான்கையும் புத்தகம் பார்க்காமல் எழுத முடிந்தால் இந்தப் பாடம் உங்களுக்கு வந்துவிட்டது.

இன்னொரு பிழையையும் அடிக்கடி பார்க்கிறேன். சவ்வின் இரு பக்கத்துக்கும் இடையிலான மின்னழுத்தம் என்று நரம்பணுவுக்குப் படித்த மைனஸ் 70 மில்லிவோல்ட்டை அப்படியே சிவப்பணுவுக்கும் எழுதிவிடுகிறார்கள். மனிதச் சிவப்பணுவில் அது மைனஸ் பத்தை ஒட்டித்தான். அங்கே அதைத் தீர்மானிப்பது முக்கியமாகக் குளோரைடு. அதுபோல மனித எண்களை எல்லா விலங்குக்கும் பொருத்தாதீர்கள். பெரும்பாலான நாய்களின் முதிர்ந்த சிவப்பணுவில் இந்தப் பம்பே இல்லை, உள்ளே சோடியம்தான் அதிகம்.

நேரம் இருந்தால் வரலாற்றையும் கொஞ்சம் பாருங்கள், கேள்வி எங்கிருந்து வந்தது என்று தெரியும். குளிரில் பொட்டாசியத்தை இழந்த மனிதச் சிவப்பணு, சூட்டிலும் குளுக்கோஸிலும் அதை மீட்டுக்கொள்வதை ஹாரிஸ் 1941லேயே காட்டிவிட்டார். இந்தப் பம்ப் ஏடிபியை உடைக்கும் ஒரு நொதியும்கூட; அதை நண்டின் நரம்பில் ஸ்கோ 1957இல் கண்டார். அதற்காக அவருக்கு 1997இல் வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது. மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கைப் போஸ்டும் ஜாலியும் அதே 1957இல் மனிதச் சிவப்பணுவில்தான் அளந்தார்கள்.

ஈப்போவிலிருந்து வந்த அன்று இரவு அந்தக் கேள்வியை மறுபடி எழுதினேன். இந்த முறை படம் வரையவில்லை:

பொட்டாசியம் செறிவு உள்ளே அதிகம், அதனால் அது எப்போதும் வெளியே கசிகிறது. 37 டிகிரியில் பம்ப் அதை ஏடிபி செலவழித்து உள்ளே திருப்புகிறது. 4 டிகிரியில் கிளைக்காலிசிஸும் பம்பும் மிகவும் மந்தமாகின்றன, கசிவு தொடர்கிறது, பிளாஸ்மாவில் பொட்டாசியம் ஏறுகிறது. சூடும் குளுக்கோஸும் கிடைத்ததும் ஏடிபி உண்டாகிறது, பம்ப் கசிவை மிஞ்சுகிறது, பொட்டாசியம் அணுவுக்குள் திரும்புகிறது.