புதிதாகப் பிரித்தானியா வந்தவர்களுக்கு இன்ஸ்பெக்டர் மோர்ஸ்

ஆங்கிலம் காதில் ஏற எதைப் பார்ப்பது என்று புதிதாக வந்தவர்கள் கேட்டால், செய்தி பாருங்கள் என்பதுதான் வழக்கமான பதில். செய்தியில் வாசிப்புத்தான் அதிகம், பேச்சு குறைவு. மேலதிகாரியோடு இந்த ஊர்க்காரர் எப்படிக் கதைக்கிறார்கள், கோபம் வந்தால் குரலை எவ்வளவு தாழ்த்துகிறார்கள், மனம் வருந்துவதை எப்படி ஒரு வரியில் முடித்துக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் செய்தியில் கிடைக்காது. அதற்கு ‘இன்ஸ்பெக்டர் மோர்ஸ்’ பாருங்கள். 1987 முதல் 2000 வரை ஐடிவி தொலைக்காட்சியில் 33 படங்களாக வந்த தொடர் இது. விளம்பரத்தோடு சேர்த்தால் ஒன்று ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

கதை நடப்பது ஆக்ஸ்ஃபோர்டில். ஜோன் தோ நடித்த மோர்ஸ் கொலை வழக்குகளைத் துப்பறிகிற தலைமை இன்ஸ்பெக்டர். ஆனால் பிணத்தைப் பார்த்தால் வயிறு புரட்டும். அதே ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கப் போய்ப் பட்டம் எடுக்காமல் வெளியேறியவர். யாராவது எழுதிய கடிதத்தில் எழுத்துப்பிழை இருந்தால், வழக்கை விட்டுவிட்டு அதில் நிற்பார். வழக்கில் சம்பந்தப்பட்ட பெண்ணிடமே மனதைப் பறிகொடுப்பார். முதலில் இவர் சந்தேகப்படும் ஆள் பெரும்பாலும் தவறான ஆளாகத்தான் இருப்பார். சுள்ளென்று விழுவார், பிறகு மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்.

இவ்வளவுக்குப் பிறகும் அவரைப் பிடித்துப்போவதற்குக் காரணம், கொலையாளி அகப்பட்டதும் அவர் முகத்தில் வெற்றி தெரிவதில்லை. செத்தவருக்காகத் துக்கப்படுகிற பொலிஸ்காரர் அவர். வீட்டில் தனியே இருந்து ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசையைக் கேட்கும்போது, அவருடைய குறைகள் எல்லாம் தனிமையில் வாழும் ஒரு மனிதனுடைய குறைகளாகத் தெரியும். அவற்றைத் திருத்தி நல்ல பிள்ளையாக்க இந்தத் தொடர் 13 வருடமும் முயலவில்லை. தொடரின் பலமே அதுதான்.

நம்மவர்கள் கவனிக்கவேண்டிய முதல் விஷயம் பெயர். அவருக்குக் கீழே வேலை செய்யும் சார்ஜன்ட் லூயிஸ், மோர்ஸை எப்போதும் ‘சேர்’ என்பார். மோர்ஸ் அவரை ‘லூயிஸ்’ என்று குடும்பப் பெயரால் கூப்பிடுவார். முதற்பெயரை மோர்ஸ் யாருக்கும் சொல்லமாட்டார். 1997இல் வந்த படத்தில்தான் அது ‘என்டெவர்’ என்று வெளியே வருகிறது: தாய் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், நற்குணங்களைப் பிள்ளைகளுக்குப் பெயராக வைப்பது அவர்களிடம் உண்டு (‘என்டெவர்’ என்றால் முயற்சி); தகப்பனுக்குக் கடலோடி கப்டன் குக் மேல் பெரிய மதிப்பு, குக்கின் கப்பலின் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டார்கள். ஒரு முதற்பெயருக்குப் பத்து வருடம் ஏன் இவ்வளவு மர்மம் என்று நமக்குத் தோன்றும். இங்கே முதற்பெயரைக் கொடுப்பது ஒருவரை வீட்டுக்குள் விடுவது மாதிரி. இன்றைக்கு வேலையிடங்களில் அந்தக் கதவு திறந்தே கிடக்கிறது. மேலாளரையும் முதற்பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். ‘சேர்’ என்பது பள்ளிக்கூடம், பொலிஸ், இராணுவம், கடையில் வாடிக்கையாளர் என்று சில இடங்களில் மட்டும் மிச்சம். கிடங்கிலோ கணக்காளர் அலுவலகத்திலோ வேலைக்குச் சேர்ந்து, மரியாதை என்று நினைத்து முதலாளியை ‘சேர்’ என்றால், அவர் சங்கடப்படுவார். தகப்பன் பெயர் குடும்பப் பெயராகப் பதிவான நம்மவர்களை அலுவலகக் கடிதங்கள் ‘மிஸ்டர்’ போட்டுத் தகப்பன் பெயரால் அழைக்கும். வேலையில் சேரும் முதல் நாளே, உங்களை எப்படிக் கூப்பிடவேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பிறகு மாற்றுவது கடினம்.

அடுத்தது பப் என்கிற மதுச்சாலை. மோர்ஸும் லூயிஸும் பாதி வழக்கை அங்கேதான் பேசுவார்கள். ஒருவர் எழுந்துபோய் எல்லோருக்கும் வாங்கி வருவார், அடுத்த முறை மற்றவர்: இதற்கு ‘ரவுண்ட்’ என்று பெயர். பணம் பெரும்பாலும் மேசையில் அல்ல, கவுண்டரிலேயே வாங்கும்போதே கொடுபடும். மோர்ஸ் தன் முறை வரும்போது லூயிஸை வாங்கவைத்துவிடுவார்; அதை நகைச்சுவையாக வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் இந்த ஊரில் அது பெரிய குற்றம். நீங்கள் மது குடிக்காதவர் என்றால் தோடம்பழச் சாறு கேட்கலாம், ஒருவரும் தவறாக நினைக்கமாட்டார்கள். ஆனால் உங்கள் ரவுண்டை வாங்கவேண்டும். அதை விரும்பாவிட்டால், தொடக்கத்திலேயே ‘எனக்கு நானே வாங்கிக்கொள்கிறேன்’ என்று சொல்லலாம். ஒன்றை மட்டும் அவரிடம் கற்காதீர்கள்: பியர் குடித்துவிட்டுத் தன் சிவப்பு ஜாகுவாரில் ஏறிப் போவது. இங்கிலாந்தில் சட்ட எல்லை 100 மில்லிலீற்றர் இரத்தத்துக்கு 80 மில்லிகிராம் மதுசாரம். ஸ்காட்லாந்தில் 50 மட்டுமே.

பொலிஸ் நடைமுறையைத் தொடரிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய படங்களில் கைதாகும் ஒருவருக்குச் சொல்லும் எச்சரிக்கை 1995இல் மாறிவிட்டது. ‘எதுவும் சொல்லவேண்டியதில்லை’ என்பது இப்போதும் உண்டு. ஆனால் விசாரணையில் கேட்டபோது சொல்லாமல் விட்ட ஒன்றைப் பிறகு நீதிமன்றத்தில் ஆதாரமாகக் கொண்டால், அது உங்கள் தரப்பைப் பாதிக்கலாம் என்ற வரி கூடச் சேர்ந்திருக்கிறது. பொலிஸ் நிலையத்தில் சட்டத்தரணியும் மொழிபெயர்ப்பாளரும் இலவசம். கேட்டால் குற்றவாளி என்று நினைப்பார்கள் என்ற பயத்தில் கேட்காமல் விடாதீர்கள். இது இங்கிலாந்து, வேல்ஸ் நிலைமை. ஸ்காட்லாந்துச் சட்டம் வேறு.

பார்க்கும் வழி: அன்டெனா வழியாக வரும் இலவசச் சேவையான ஃப்ரீவியூவில் 10ஆம் எண் ஐடிவி3, அதில் மறுஒளிபரப்பு அடிக்கடி வரும். எந்தச் சனலையும் நேரடியாகப் பார்க்க தொலைக்காட்சி லைசென்ஸ் வேண்டும், அலைபேசியில் பார்த்தாலும் சரி. 2025 ஏப்ரலில் வருடத்துக்கு 174.50 பவுண்டாக இருந்தது, கட்டணம் அவ்வப்போது ஏறும். பிபிசியின் இணையச் சேவையான ஐபிளேயருக்கும் லைசென்ஸ் வேண்டும். ஐடிவியின் இணையச் சேவையான ஐடிவிஎக்ஸில் பழைய நிகழ்ச்சிகளை விரும்பிய நேரத்தில் பார்ப்பதற்குத் தேவையில்லை. அறை அறையாகத் தனி ஒப்பந்தம் எழுதி வாழும் வீடுகளில் பலர் ஏமாறுவது இங்கேதான்: வீட்டுக்காரரின் லைசென்ஸ் உங்கள் அறைக்குச் செல்லாது. கூட்டு ஒப்பந்தம் என்றால் ஒன்று போதும்.

ஆங்கில வசனவரி போட்டு ஒரு முறை பாருங்கள், பிறகு முதல் இருபது நிமிடத்தை வரி இல்லாமல் திரும்பப் போடுங்கள். மோர்ஸின் பேச்சு தெளிவாக விளங்கும். லூயிஸ் இங்கிலாந்தின் வடகிழக்குக்காரர், அவருக்குக் காது பழகக் கொஞ்ச நாள் எடுக்கும். தொடக்க இசையையும் கேளுங்கள். கோடு கோடு, கோடு கோடு கோடு, புள்ளி கோடு புள்ளி, மூன்று புள்ளி, ஒரு புள்ளி: மோர்ஸ் குறியீட்டில் அவருடைய பெயரையே இசையமைப்பாளர் பரிங்டன் ஃபெலோங் அதற்குள் தட்டி வைத்திருக்கிறார்.

2000 நவம்பரில் வந்த கடைசிப் படத்தை மட்டும் முதலில் பார்க்காதீர்கள். அதில் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் மோர்ஸ், லூயிஸுக்கு நன்றி சொல்லும்படி இன்னொருவரிடம் சொல்லி அனுப்புகிறார். பிறகு பிணவறையில் லூயிஸ் குனிந்து, நெற்றியில் முத்தமிட்டு, போய் வாருங்கள் சேர் என்கிறார்.