அயர்லாந்தின் காங் கிராமத்தில், அக்கா வீட்டில்

அக்டோபர் 27
மழை. அக்கா இருக்கும் கால்வே நகர மருத்துவமனையிலிருந்து தகவல் இல்லை.

அக்டோபர் 28
மடத்துப் பக்கம் போனேன். அயர்லாந்தின் கடைசி மாமன்னர் ரோரி ஓ'கானர் ஆட்சியெல்லாம் போன பிறகு இங்கேதான் வந்து ஒதுங்கினார். 1198இல் இங்கேயே இறந்தார். நார்மன் படைகளோடு மோதிய மனிதர். கடைசி நாட்களில் அவருக்குக் கஞ்சி யார் கொடுத்திருப்பார்கள்? இரவில் பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? இதையே நினைத்துக்கொண்டு ஆற்றங்கரை வரை நடந்துவிட்டேன். அங்கே துறவிகள் மீன் பிடித்த கல்வீடு, தரையில் ஓட்டையோடு, ஆற்றின் மேலேயே நிற்கிறது. மீன் சிக்கினால் கயிறு இழுபட்டு மடத்துச் சமையலறையில் மணி அடிக்கும் என்பார்கள்.

அக்டோபர் 30
அக்கா இரண்டு நிமிடம் பேசினாள். குரல் சரியில்லை.

நவம்பர் 1
தூக்கம் வரவில்லை. இந்த ஊரின் பழைய கால்வாய்தான் மனதில். மாஸ்க் ஏரியையும் கொரிப் ஏரியையும் இணைத்துப் படகு விட வேண்டும் என்று 1848இல், பஞ்ச காலத்தில், பசித்தவர்களுக்குக் கூலி கொடுத்து வெட்ட ஆரம்பித்தார்கள். 1854இல் வேலை நின்றது. அடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல், எங்கு பார்த்தாலும் விரிசல். தண்ணீர் நிற்கவே இல்லை. அழகாகச் செதுக்கிய மதகுக் கற்கள் இன்னும் இருக்கின்றன. எனக்கு ஆறவில்லை. மாஸ்க் ஏரித் தண்ணீர் பூமிக்கடியில் ஓடி இந்த ஊரில்தான் பொங்கி வருகிறது. இங்கே பிறந்தவர்கள் தினமும் பார்த்த விஷயம். அவர்களில் ஒருவரையாவது கேட்டிருக்கக் கூடாதா? பேருந்துகளில் வருகிறவர்கள் 1951இல் இங்கே எடுத்த ஹாலிவுட் படத்தின் இடங்களைத் தேடிப் போகிறார்கள். கால்வாய்ப் பக்கம் யாருமில்லை.

நவம்பர் 2
ஸ்கேன் தள்ளிப்போய்விட்டது. காரணம் சொல்லவில்லை.

நவம்பர் 4
1123இல் செய்த காங் சிலுவை, ஊர்வலத்தில் தூக்கிப் போகும் சிலுவை, இந்த மடத்துச் சொத்து. 1839இல் வாங்கிக்கொண்டு போனார்கள், இப்போது டப்ளின் அருங்காட்சியகத்தில். ஊர்ப்பொருள் ஊரில் இருக்க வேண்டாமா என்று போனில் கொதித்தேன். "அங்க பத்திரமா இருக்குடா, நீ சாப்பிட்டியா?" என்றாள் அக்கா. சிரித்தாள்! இன்று நல்ல நாள்.

நவம்பர் 7
விடாத மழையில் கால்வாயில் தண்ணீர் ஏறியிருக்கிறது. கோடை வந்தால் வடிந்துவிடும், தெரியும். இருந்தாலும் வெகுநேரம் நின்று பார்த்தேன். படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். நாளை பதினொரு மணிக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார், என்னை மட்டும். ஏன் என்னை மட்டும்?